பாலத்து மேல கேட்டா, பாலம்தான் காரணமா?

போன செமஸ்டர் லீவில் ஒரு வாட்டர் வாஷ் கடைப் பையனுக்கு வேலை போனது. அதற்கு ஒரு புது ஸ்போர்ட்ஸ் காரின் சைலன்சர் பைப் காரணம்னு சொல்லலாம். ஆனா நியாயமா சொன்னா, மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற நானும் ஒரு காரணம். வீட்டில் இருக்கிறவர்களிலேயே "இன்ஜினியர்" நான்தானே, என்னைக் கேட்டுத்தான் முடிவு பண்ணினாங்க.

கதை இதுதான். சித்தப்பா மஸ்கட்டில் 26 வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தவர். வீடு ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில். வந்ததும் செய்த முதல் காரியம், வாலிப வயசில் இருந்து ஆசைப்பட்ட ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியது. (கம்பெனி பேரைக் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்.) சென்னையில் டெலிவரி எடுத்து, ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றி, பாட்டு கேட்டுக்கொண்டே ஓட்டி வந்தார். வண்டி தரையோடு தரையா இருக்கும். நம்ம ஊர் வேகத்தடைகளில் அதை நேராக ஏற்ற முடியாது. கொஞ்சம் சாய்ச்சு, கொஞ்சம் திருப்பி, தேரை வீதி முனையில் திருப்புகிற மாதிரி திருப்பித்தான் ஏற்றணும். வாங்கின முதல் மூணு வாரம் அதை வெளியே எடுத்ததே கம்மி. வீதியைச் சுற்றி ஒரு ரவுண்டு, கோபுரத்துக்கு முன்னாடி ஒரு போட்டோ, அவ்வளவுதான்.

மூணாவது வாரம் வாட்டர் வாஷுக்கு விட்டார். மறுநாள் காலையில் தில்லை நகர் போகக் கிளம்பினார். மாம்பழச்சாலை தாண்டி காவிரிப் பாலத்தில் ஏறினதும் காருக்கு அடியில் இருந்து ஒரு சத்தம். தகரத்தில் யாரோ விரல் நகத்தால் வேகமா தட்டுகிற மாதிரி. 2,000 ஆர்.பி.எம். தாண்டினால் வருது, 2,500 தாண்டினால் போயிடுது. மறுநாளும் அதே பாலம், அதே சத்தம். அதற்கடுத்த நாளும்.

என்னைக் கூப்பிட்டார். நானும் உட்கார்ந்து போனேன். பாலத்தில் ஏறினதும் சத்தம் வந்தது. நான் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. "வாட்டர் வாஷ்ல லிஃப்ட்ல ஏத்தும்போது அடியில எதையோ நசுக்கி லூஸ் பண்ணிட்டாங்க சித்தப்பா. பாலத்து ஜாயின்ட்ல வண்டி குலுங்கும்போது அது ஆட ஆரம்பிக்குது" என்றேன். எவ்வளவு அழகான தியரி பாருங்க! ஏன் வாட்டர் வாஷுக்கு அப்புறம் வந்தது என்பதற்கும் பதில் இருக்கு, ஏன் பாலத்தில் வருது என்பதற்கும் பதில் இருக்கு. வைவாவில் சொல்லியிருந்தால் முழு மார்க்கு போட்டிருப்பாங்க.

சித்தப்பா நேரா அந்தக் கடைக்குப் போய் சத்தம் போட்டார். வண்டியை லிஃப்டில் ஏற்றிய பையனுக்கு என் தம்பி வயசுதான் இருக்கும். "சரியாத்தான் சார் வெச்சேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். கடைக்காரருக்குப் பெரிய வண்டிக்காரர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது. அந்த வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டு அவனை அனுப்பிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஷோரூம் கதை தனி. முதல் தடவை, "ஸ்போர்ட்ஸ் கார் சார், சவுண்டு அப்படித்தான் இருக்கும், நார்மல்" என்றார்கள். ரெண்டாவது தடவை வண்டியை விட்டுவிட்டு வந்தோம். அது காலையில் இருந்து நிழலில் நின்று ஆறிப் போன பிறகு மதியம் ஸ்டார்ட் பண்ணி, ரெண்டு நிமிஷம் ஆக்ஸிலரேட்டர் மிதித்துப் பார்த்து, "சத்தம் இல்லையே சார்" என்று எழுதிக் கொடுத்தார்கள். மூணாவது தடவை லிஃப்டில் ஏற்றி, முன்பக்க பம்பர் அடியில் வேகத்தடை உரசின கீறலைக் கண்டுபிடித்து, "அடி பட்டிருக்கு, வாரண்டி வராது, பின்பக்க சைலன்சர் செட் முழுசா மாத்தணும்" என்றார்கள். எஸ்டிமேட்டில் இருந்த தொகைக்கு நம்ம கிளாஸில் ரெண்டு பேர் புது பைக் வாங்கலாம்.

கவனிச்சீங்களா? நார்மல், சத்தமே இல்லை, எல்லாத்தையும் மாத்து. ஒரே சத்தத்துக்கு மூணு வாரத்தில் மூணு பதில். இந்த மூணில் ஒண்ணாவது சத்தத்தைக் கேட்டுச் சொன்ன பதிலா? என் பதிலும் அப்படித்தான். நான் சத்தத்தைக் கேட்கவில்லை, அது எந்த நாளில், எந்த இடத்தில் வந்தது என்பதை மட்டும் கேட்டேன். நம்மில் பாதிப் பேர் இன்னும் ரெண்டு வருஷத்தில் ஏதாவது ஒரு கம்பெனியில் சர்வீஸ் டெஸ்கிலோ குவாலிட்டியிலோ உட்காரப் போறோம். நம்ம வாயில் இருந்தும் இதே "நார்மல்"தான் வரும் என்பது என் பயம். அதனால்தான் இதை எழுதுறேன்.

பால்பண்ணை பக்கம் லாரி சைலன்சருக்கு வெல்டிங் வைக்கிற ஒரு பெரியவரைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். சித்தப்பாவுக்கு இஷ்டமில்லை. லாரி பட்டறையில் ஸ்போர்ட்ஸ் காரா என்று. கடைசியில் எஸ்டிமேட் தொகைதான் அவரை அங்கே போக வைத்தது.

பெரியவர் வண்டிக்கு அடியில் குனியவே இல்லை. பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, "சத்தம் எப்படி இருக்கு, வாயால செஞ்சு காட்டுங்க சார்" என்றார். சித்தப்பா கூச்சப்பட்டுக்கொண்டே "டிரிங்ங்ங்" மாதிரி ஏதோ செய்தார். "கடகடன்னு இல்லையே? சலசலன்னும் இல்லையே?" இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏன்னா எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஷோரூம் ஜாப் கார்டில் "நாய்ஸ்" என்று ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. நம்ம மொழியில் எத்தனை இருக்கு பாருங்க. கடகட என்றால் கனமான ஒன்று தளர்ந்து இன்னொன்றில் இடிக்குது, ஹேங்கர் ரப்பர் அறுந்து பைப் பாடியில் மோதுகிற மாதிரி. சலசல என்றால் ஒரு டப்பாவுக்குள் உதிரியாக ஏதோ உருளுது. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் கட்டி உடைந்தால் இந்தச் சத்தம்தான் வரும். புஸ் புஸ் என்றால் கேஸ்கட்டிலோ ஜாயின்ட்டிலோ புகை கசியுது. கணகண, கிணுகிணு என்றால் மெல்லிய தகடு அதிருது. காரில் சைலன்சர் பைப்பைச் சுற்றி சூடு மேலே ஏறாமல் இருக்க ஒரு மெல்லிய அலுமினியத் தகடு வெச்சிருப்பாங்க, ஹீட் ஷீல்டு. கிணுகிணு என்ற உடனே சந்தேகம் அங்கே போகணும். காதாலேயே பாதி வண்டியைக் கழித்தாயிற்று, இன்னும் ஸ்பானர் எடுக்கவில்லை.

இது ஒண்ணும் பெரிய ரகசியம் இல்லை. பானை வாங்கும்போது பாட்டி விரலால் சுண்டிப் பார்க்கிறது இதுதான். ஒரு காலத்தில் ரயில்வேயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, மணி மாதிரி கேட்குதா, உடைசல் மாதிரி கேட்குதா என்று பார்த்து விரிசலைக் கண்டுபிடிக்கத் தனி ஆள் இருந்தார்கள். பொன்மலையில் தாத்தா, பெரியப்பா என்று யாராவது வேலை பார்த்த வீட்டுப் பிள்ளைகள் நம்ம காலேஜில் நிறைய பேர். வீட்டில் கேட்டுப் பாருங்க.

பெரியவரின் அடுத்த கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. "பாலத்துலதான் வருதுன்னா, திரும்பி வரும்போது எங்க ஆரம்பிக்குது?"

நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அதை யாரும் கவனிக்கவே இல்லை. போகும்போது பாலத்தில் வந்ததால், பாலத்தில் வருது என்று முடிவு பண்ணி, அதற்கு அப்புறம் பாலத்தில் மட்டும்தான் காது கொடுத்துக் கேட்டிருக்கிறோம். "நாளைக்கு வண்டிய பாலத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்துல ராத்திரி முழுக்க நிறுத்துங்க. காலையில அங்கேர்ந்து எடுத்துட்டு வாங்க" என்றார்.

கே.கே. நகரில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினோம். காலையில் கிளம்பினோம். முதல் ஐந்து நிமிஷம் ஒண்ணும் இல்லை. டி.வி.எஸ். டோல்கேட் நெருங்கும்போது கிணுகிணு ஆரம்பித்துவிட்டது. காவிரிப் பாலம் அங்கேயிருந்து எத்தனையோ கிலோமீட்டர். பாலத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. சம்பந்தம் எதற்கு என்றால், ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஆவதற்கு. சித்திரை வீதியில் இருந்து அந்த நேரத்து டிராஃபிக்கில் பத்து நிமிஷம் ஓட்டினால் எங்கே வருவீங்க? பாலத்துக்கு.

பத்து நிமிஷத்தில் என்ன மாறும்? சூடு. எரிந்த புகை போகிற பைப் இன்ஜினை விட்டுத் தள்ளி இருக்கிற இடத்தில் கூட சில நூறு டிகிரிக்குப் போகும். நம்ம முதல் வருஷ ஃபிசிக்ஸ்தான், கணக்குப் போடுங்க. சைலன்சருக்குப் பயன்படுகிற ஃபெர்ரிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 0.011 மில்லிமீட்டர் நீளும். ஒன்றரை மீட்டர் பைப், 400 டிகிரி ஏறுகிறது என்றால் கிட்டத்தட்ட ஏழு மில்லிமீட்டர். முன்பக்கம் இன்ஜினோடு பிடிச்சிருக்கு, அதனால் பின்பக்கமாகத்தான் நீள முடியும். ரப்பரில் தொங்கவிட்டிருப்பதே இப்படி நீள இடம் கொடுக்கத்தான். ஆறிப் போன வண்டியில் பைப்பின் ஒரு பிராக்கெட்டுக்கும் ஹீட் ஷீல்டுக்கும் நடுவில் மூணு மில்லிமீட்டர்தான் இடைவெளி என்றால், சூடானதும் அது போய்த் தகட்டைத் தொடும். தொட்டால் சத்தம் வரும்.

அதுவும் ஏன் 2,000க்கும் 2,500க்கும் நடுவில் மட்டும்? நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை வெடிக்கும். 2,400 ஆர்.பி.எம். என்றால் ஒரு நொடிக்கு 40 சுற்று, 80 அடி. அந்தத் தொங்கும் பைப்புக்கு அந்த வேகத்தில் ஆடுவது பிடித்துப் போச்சுன்னா நல்லா ஆடும், அதாவது ரெசனன்ஸ். அதைத் தாண்டினால் அடங்கிடும். காதில் விழுகிற கீச்சுச் சத்தம் 80 ஹெர்ட்ஸ் இல்லை. அது தகட்டோட குரல், ரொம்ப மேலே இருக்கும். 80 என்பது தகட்டைத் தட்டுகிற விரலின் வேகம். நானும் போனில் ஒரு ஆப் போட்டு அலைவரிசை பார்த்து, 80 எங்கே என்று தேடிக் குழம்பினேன். நீங்க குழம்பாதீங்க.

இதில் வேடிக்கை என்னன்னா, நான் குற்றம் சாட்டின அதே பாலம்தான் விடையையும் வெச்சிருந்தது. 1976-ல் திறந்த காவிரிப் பாலத்தில் போகும்போது டக், டக்கென்று வருதே, அந்த ஜாயின்ட் எல்லாம் எதற்கு? வெயிலில் பாலம் நீள இடம் விட. அந்த ஜாயின்ட்டும் பேரிங்கும் கெட்டுப்போய்த்தானே 2022 கடைசியில் பாலத்தை மூடினாங்க, 2023 மார்ச் வரைக்கும் நாம எல்லாரும் சுத்திக்கிட்டுப் போனோம். நீள்கிற பொருளுக்கு இடம் விடணும், விட்ட இடம் அடைபட்டால் தொந்தரவு. சித்தப்பா காருக்கு அடியில் இருந்ததும் அதுதான், அளவு மட்டும் ஏழு மில்லிமீட்டர்.

நிரூபிக்க ஒரே ஒரு மூணு எம்.எம். ட்ரில் பிட் போதுமாக இருந்தது. காலையில் ஆறின வண்டியில் அதன் ஷாங்க் பிராக்கெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் தாராளமா போனது. ஓட்டிவிட்டு வந்து, பெரியவர் பட்டறைக் குழியில் இறங்கி, கையுறை போட்டு நீட்டிப் பார்த்தார். போகவில்லை. தகட்டில் ஒரு பத்துப் பைசா அளவுக்குப் பளபளவென்று தேய்ந்த தடம். ஒரு கட்டைக் குச்சியால் அவர் தகட்டை லேசா அழுத்திப் பிடிக்க, நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். சத்தம் நின்றது. குச்சியை எடுத்தார், வந்தது. மூணு தடவை செய்து காட்டினார். லிஃப்ட் வைத்த இடமோ அதற்கு ரொம்பத் தள்ளி, ஓரத்தில் இருந்தது. அங்கே ஒரு நசுங்கலும் இல்லை.

"நீங்களே நெம்பி விட்டுடுங்களேன்" என்றார் சித்தப்பா. "புது வண்டி சார். நான் கை வெச்சா நாளைக்கு எல்லாம் என் தலையிலதான் விழும். வீடியோ எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க" என்றார். காசும் வாங்கவில்லை, டீ மட்டும்.

வீடியோவைப் பார்த்ததும் ஷோரூமில் வேற ஒரு டெக்னீஷியன் வந்தார். ரெண்டு பைப் சேருகிற இடத்தில் கிளாம்ப் கொஞ்சம் திரும்பின நிலையில் இறுகியிருந்தது. தளர்த்தி, பைப்பைத் திருப்பி, இடைவெளி பார்த்து, மறுபடி டார்க் ரெஞ்சால் இறுக்கினார். இருபது நிமிஷம். எந்தப் பார்ட்டும் மாற்றவில்லை, பில் பூஜ்யம்.

அப்போ வாட்டர் வாஷுக்கு அப்புறம் ஏன் வந்தது? வரவில்லை. சென்னையில் இருந்து வரும்போதே இருந்திருக்கும், கண்ணாடியும் பாட்டும் மறைத்திருக்கும். வாட்டர் வாஷுக்கு மறுநாள் மேட் எல்லாம் ஈர வாடை அடித்ததால் சித்தப்பா முதல் முறையா ரெண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டியிருக்கிறார். போதாக்குறைக்குப் பாலத்தின் பக்கச் சுவர். அடியில் இருந்து வருகிற சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி ஜன்னல் வழியா நேரா காதுக்கு வரும். அந்தப் பையன் சத்தத்தை உண்டாக்கவில்லை. அது கேட்கிற மாதிரி மட்டும் செய்தான்.

இதைப் படிச்சிட்டு "ஓ, கிணுகிணுன்னா ஹீட் ஷீல்டு" என்று மனப்பாடம் பண்ணிடாதீங்க, அது என் பழைய தப்பைவிட மோசம். குறைந்த வேகத்தில் பெரிய கியரில் மேட்டில் ஏறும்போது இன்ஜின் நாக் ஆனாலும் கிட்டத்தட்ட இதே உலோகச் சத்தம்தான், அதை "நார்மல்" என்று விட்டால் பிஸ்டன் போகும். கசிகிற ஜாயின்ட்டை விட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். பி.எம்.டபிள்யூ. 2006-ல் 335ஐ காரில் கொண்டு வந்த என்54 இன்ஜினைப் பற்றி ஆட்டோமொபைல் கிளப் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் டர்போவில் வேஸ்ட்கேட் என்கிற சின்ன மூடியின் இணைப்பு தேய்ந்து கடகடக்கும். மூடியின் நிலையை மாற்றுகிற சாஃப்ட்வேர் கூடக் கொடுத்துப் பார்த்தார்கள், கடைசியில் அமெரிக்காவில் அந்தப் பாகத்துக்கு மட்டும் வாரண்டியை 8 வருஷம் அல்லது 82,000 மைல் என்று நீட்டினார்கள். சத்தம் போட்டது விரல் அளவு சாமான்.

இப்போ நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு வர்றேன். டைனமிக்ஸ் லேபில் நமக்குக் கிடைக்கிற மெஷின் எல்லாம் நல்லா ஓடுகிற மெஷின். ரீடிங் என்ன வரும் என்று சீனியர் ரெக்கார்டில் முன்னாடியே இருக்கு. வராவிட்டால் வர வைக்கிறோம், மறைக்காதீங்க, நானும் செய்திருக்கேன். விடையைத் தெரிந்துகொண்டு ரீடிங் எழுதிப் பழகினவன், வாட்டர் வாஷ் கடையில் நின்று என்ன செய்வான்? நான் செய்ததைத்தான்.

என் கோரிக்கை சின்னது. ஒர்க் ஷாப்புக்குப் பின்னாடி துருப்பிடித்து நிற்கிற அந்தப் பழைய பைக்கையும், இன்ஜின் லேபில் யாரும் தொடாத அந்த நாலு சிலிண்டர் இன்ஜினையும் கொடுங்க. ஒரு பேட்ச் அதில் ஒரு கோளாறு வைக்கட்டும், அடுத்த பேட்ச் கண்டுபிடிக்கட்டும். ஸ்பானர் எடுப்பதற்கு முன்னால், எப்போ வருது, எப்போ நிக்குது, எது மாறினாலும் மாறாமல் வருது என்று ஒரு பக்கம் எழுதினால்தான் பானட்டைத் திறக்கலாம் என்று விதி வையுங்க. தப்பா சொன்னாலும் மார்க் குறைக்காதீங்க, ஆனா சோதித்துப் பார்க்காமல் சொன்னா குறையுங்க. எச்.ஓ.டி. சார் இந்த இதழைப் படிக்கிறார் என்று தெரியும். "சிலபஸ்ல இல்லையேப்பா" என்பார் என்பதும் தெரியும். சனிக்கிழமை மதியம் போதும் சார், நாங்களே வர்றோம்.

வண்டி இப்போ அமைதியா ஓடுது. சத்தம் நின்ற மறுநாளே சித்தப்பா அந்த வாட்டர் வாஷ் கடைக்குப் போனார், நானும் போனேன். பிடித்த கூலியை நாங்களே தர்றோம் என்று சொல்ல. பையன் திருப்பூருக்குப் போய்விட்டான், பனியன் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருக்கிறான் என்றார்கள். கடைக்காரர் அவன் நம்பரை ஒரு பில் தாளின் பின்னாடி எழுதிக் கொடுத்தார். அது சித்தப்பா கார் டேஷ்போர்டில் இருக்கு. நீ பேசுடா என்கிறார் அவர், நீங்க பேசுங்க என்கிறேன் நான்.